மழைக்குக் கால்பந்து, பனிக்குக் கிரிக்கெட்

ஒரே ஆட்டக்காரர் ஆண்டின் ஒரு பகுதியில் கால்பந்தையும் மறு பகுதியில் கிரிக்கெட்டையும் தொழிலாகவோ, தொழிலுக்கு நிகரான தீவிரத்தோடோ ஆடிவந்த வழக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வேரூன்றி, துறைமுக நகரங்கள் வழியாக இந்தியாவுக்கும் வந்து, 1970-களோடு ஏறத்தாழ முடிந்துபோனது. இதைத் தனிமனிதத் திறமையின் கதையாகவே சொல்லிவருவது எழுத்தாளர் வழக்கம். ஆனால் திறமை எல்லா ஊரிலும் பிறக்கிறது, இரட்டை ஆட்டக்காரர்களோ சில ஊர்களில்தான் உருவானார்கள். கல்கத்தாவும் சென்னையும் ஆங்கிலேயர் கோட்டையைச் சுற்றி வளர்ந்த துறைமுக நகரங்கள். இரண்டிலும் ரயில்வேயும் ஆலைகளும் பட்டாளமும் இருந்தன. இரண்டிலும் உழைக்கும் மக்கள் கால்பந்தைத் தங்கள் ஆட்டமாக எடுத்துக்கொண்டார்கள். இருந்தும் இந்தியக் கால்பந்து அணிக்கும் ரஞ்சிக் கோப்பை கிரிக்கெட்டில் தம் மாநில அணிக்கும் தலைமை தாங்கிய சுனி கோஸ்வாமியைக் கல்கத்தா தந்தது. ராயபுரமும் தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் எண்ணூரும் அடங்கிய வடசென்னை அப்படி ஒருவரைத் தரவில்லை. எந்த மாதத்தில் மழை பெய்தது, யார் சம்பளம் போட்டார்கள், எந்த மைதானத்தின் கதவு யாருக்குத் திறந்தது என்ற மூன்று கேள்விகளில்தான் இந்த வேறுபாட்டின் காரணம் அடங்கியிருக்கிறது.

இங்கிலாந்தில் இவ்வழக்கத்தைத் தாங்கி நின்றது பருவமும் சம்பளமும் சேர்ந்த ஒரு கணக்கு. அங்கே கால்பந்து குளிர்கால ஆட்டம், கிரிக்கெட் கோடைகால ஆட்டம். கால்பந்து சங்கங்கள் தம் ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்ற உச்சவரம்பு இருந்தது, 1961 ஜனவரியில் அது நீக்கப்பட்டபோது வாரத்துக்கு 20 பவுண்டாக இருந்தது. கோடையில் பந்து உதைக்க வேலை இல்லாத மாதங்களை, கவுன்டி எனப்படும் வட்டார கிரிக்கெட் அணியில் சம்பளத்துக்கு ஆடி நிரப்பிக்கொள்வது ஒரு தொழிலாளியின் நியாயமான ஏற்பாடு. மிடில்செக்ஸ் கவுன்டிக்கும் ஆர்சனல் கால்பந்து சங்கத்துக்கும் ஆடிய டெனிஸ் காம்ப்டன், 1947 கோடையில் மட்டும் 18 சதங்களோடு 3,816 ஓட்டங்கள் எடுத்துவிட்டு, அடுத்து வந்த கால்பந்துப் பருவத்தில் ஆர்சனல் லீக் பட்டம் வென்றபோது அந்த அணியிலும் இருந்தார். இந்திய வாசகர்களுக்கு அவர் அந்நியர் அல்லர்: இரண்டாம் உலகப் போர்க்காலப் பணியில் இங்கே இருந்தபோது, சி.கே. நாயுடு தலைமையிலான ஹோல்கர் அணிக்காக 1944-45 ரஞ்சி இறுதியாட்டத்தில் ஆட்டமிழக்காமல் 249 ஓட்டங்கள் எடுத்தவர் அவர். கால்பந்தில் பட்ட முழங்கால் காயம்தான் பிற்காலத்தில் அவருடைய கிரிக்கெட்டைக் குறுக்கியது.

கால்பந்துப் பருவம் ஆகஸ்ட் தொடங்கி மே வரை நீண்டு, கிரிக்கெட் மாதங்களை இரு முனையிலும் தின்னத் தொடங்கியபோது இந்த ஏற்பாடு உடைந்தது. கால்பந்து, கிரிக்கெட் இரண்டிலும் இங்கிலாந்து நாட்டு அணிக்கு ஆடிய ஆண்களில் ஆர்தர் மில்ட்டன் கடைசியானவர். அந்த வழக்கத்தின் அந்திப்பொழுதை 1975 செப்டம்பர் 15 என்ற ஒரே நாள் துல்லியமாகக் காட்டுகிறது. அன்று பகலில் செஸ்டர்ஃபீல்டு நகரில் லெஸ்டர்ஷையர் அணிக்காக மட்டை பிடித்து, ஆட்டநேர முடிவில் 51 ஓட்டங்களோடு களத்திலிருந்து வெளியேறிய கிறிஸ் பால்டர்ஸ்டோன், மாலையிலேயே டான்காஸ்டர் ரோவர்ஸ் அணிக்காக பிரென்ட்ஃபோர்டுக்கு எதிரான லீக் கால்பந்து ஆட்டத்தில் முழுநேரமும் ஓடினார். மறுநாள் காலை செஸ்டர்ஃபீல்டு திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து சதத்தை முடித்தார், பந்துவீசி விக்கெட்டுகளையும் எடுத்தார், லெஸ்டர்ஷையர் தன் வரலாற்றில் முதன்முறையாகக் கவுன்டி பட்டம் வென்றது. இரு பருவங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்ட காலத்தில் இரண்டையும் ஆட வேண்டுமென்றால் ஒரே நாளைத்தான் இரண்டாகப் பிளக்க வேண்டியிருந்தது.

கல்கத்தாவில் பருவங்கள் அப்படி மோதவில்லை. அங்கே தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை கொட்டுகிறது. மழைக்கு முன்பே தொடங்கும் கால்பந்துப் பருவம் சேற்றிலும் ஈரப்புல்லிலும் நடந்து முடியும். பனிக்காலம் வந்து தரை இறுகியதும் அதே நிலத்தில் ஸ்டம்புகள் நடப்படும். ‘மைதான்’ என்று வங்காளிகள் சொல்லும் வில்லியம் கோட்டையைச் சூழ்ந்த பரந்த புல்வெளிதான் அந்த நிலம். ஈரத்தரையில் வெறுங்காலோடு ஆடும் முறையும் அங்கே வளர்ந்தது. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் சங்கம் கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேயப் பட்டாள அணியை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய நிகழ்ச்சி, அந்த ஆட்டமுறையின் வெற்றியாகவும் அடிமை நாட்டின் தன்மான வெற்றியாகவும் கொண்டாடப்பட்டது. இக்கட்டுரைக்கு இன்னொன்று முக்கியம்: மோகன் பகான் போன்ற சங்கங்கள் கால்பந்துக்கு மட்டும் உரியவை அல்ல. ஒரே சங்கம் மழையில் கால்பந்து அணியையும் பனியில் கிரிக்கெட் அணியையும் இறக்கியது. உறுப்பினர்களும் ரசிகர்களும் மாறவில்லை, ஆட்டம்தான் மாறியது.

இந்த நிலத்தில் வளர்ந்தவர் சுனி கோஸ்வாமி. இன்றைய வங்காளதேசத்தில் உள்ள கிஷோர்கஞ்சில் 1938 ஜனவரி 15 அன்று பிறந்த இவர், சிறுவனாகவே மோகன் பகானின் இளையோர் அணியில் சேர்ந்து, பலாய்தாஸ் சாட்டர்ஜியிடம் பயின்று, 1954-இல் மூத்தோர் அணிக்கு வந்தார். 1968-இல் கால்பந்திலிருந்து விலகும்வரை வேறு சங்கத்துக்குப் போகவே இல்லை. முன்களத்தில் பந்தைக் காலோடு ஒட்டவைத்தபடி எதிராளியைத் தாண்டிச் செல்வது அவருடைய தனித்திறன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய அணியில் அவரோடு பி.கே. பானர்ஜியும் துளசிதாஸ் பலராமும் இருந்தார்கள்; தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜும் இருந்தார்.

1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டம் இந்தியக் கால்பந்தின் உச்சம். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி கண்டித்திருந்ததால், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடிய அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. முதற்சுற்றில் இந்தியாவை 2-0 என்று தோற்கடித்திருந்த தென்கொரியாதான் எதிரணி. தலையில் தையல் போட்டிருந்த தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்கை, பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் முன்களத்தில் நிறுத்தினார். நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பட்டாள வீரராக இருந்து ஆட்டக்காரராக உருவான பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். ஆட்டம் 2-1 என்று இந்தியாவுக்கு முடிந்தது. அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றபோது இரண்டு கோல் போட்டிருந்த 24 வயது அணித்தலைவர் கோஸ்வாமி, தங்கப் பதக்கத்தோடு ஊர் திரும்பினார். திரும்பியவர் ஓய்ந்து உட்காரவில்லை. கல்கத்தாவில் மழை விலகிக் கிரிக்கெட் மாதங்கள் வந்தன. அந்த 1962-63 பருவத்திலேயே வங்காள அணிக்காக ரஞ்சிக் கோப்பையில், அதாவது மாநில அணிகளுக்கிடையிலான முதல்தரப் போட்டியில், அவர் அடியெடுத்து வைத்தார். இந்திய மட்டையாளர்கள் வேகப்பந்துக்குப் பழக வேண்டும் என்று கிரிக்கெட் வாரியம் மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர்கள் நால்வரை வரவழைத்து ரஞ்சி அணிகளில் ஆடவைத்த பருவம் அது. புதியவர் ஒருவருக்கு எளிதான நுழைவாயில் அல்ல.

1964-இல் ஆசியக் கோப்பையில் இந்தியாவை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுசென்ற பின், இன்னும் பல ஆண்டு ஆட உடலில் வலு இருந்தும், கோஸ்வாமி சர்வதேசக் கால்பந்திலிருந்து விலகிக்கொண்டார். இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் சங்கம் தேர்வாட்டத்துக்கு அழைத்ததாகவும் அவர் போகவில்லை என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. போகாதது வியப்பும் அல்ல. அவர் ஸ்டேட் வங்கியில் பணியாற்றினார். அக்காலத்து இந்தியாவில் ஆட்டக்காரரின் ‘தொழில்’ என்பது சங்கம் கொடுக்கும் பணமாக இல்லை, வங்கியிலோ ரயில்வேயிலோ எண்ணெய் நிறுவனத்திலோ கிடைக்கும் மாதச் சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் இருந்தது. இங்கிலாந்தின் ஆட்டக்காரரை வாரக்கூலி இரண்டு ஆட்டங்களுக்குத் தள்ளியது. இந்திய ஆட்டக்காரரை ஒரே நிரந்தர வேலை இரண்டு ஆட்டங்களுக்கும் விடுவித்தது.

கிரிக்கெட்டில் அவர் பொழுதுபோக்குக்காரர் அல்லர் என்பதற்கு 1966 டிசம்பர் ஆட்டம் சான்று. கேரி சோபர்ஸ் தலைமையில் இந்தியா வந்திருந்த மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தூரில் மத்திய, கிழக்கு மண்டலங்களின் கூட்டணியை எதிர்கொண்டது. ஹனுமந்த் சிங் தலைமையிலான கூட்டணியில் புதிய பந்தை எடுத்த இருவருமே வங்காளிகள்: சுப்ரதா குஹா 11 விக்கெட்டுகளும் கோஸ்வாமி 8 விக்கெட்டுகளும் எடுக்க, அன்றைய உலகின் மிக வலுவான அணி இன்னிங்ஸ் வித்தியாசத்தில், அதாவது இருமுறை ஆடியும் எதிரணியின் ஒருமுறை ஆட்டத்தை எட்டாமல், தோற்றது. 1968-69 ரஞ்சி இறுதியாட்டத்தில் பம்பாய்க்கு எதிராக அவர் எடுத்தவை 96-உம் 84-உம். 1971-72-இல் அவரே தலைவராக வங்காளத்தை மீண்டும் இறுதிக்கு அழைத்துச் சென்றார். அந்த முறையும் பம்பாயே வென்றது. 46 முதல்தர ஆட்டங்களில் 1,592 ஓட்டங்களும் 47 விக்கெட்டுகளும் அவருடைய மொத்தக் கணக்கு. எண்களாக மட்டும் பார்த்தால் இவை ஒரு நல்ல மாநில ஆட்டக்காரரின் எண்கள்தான். அவற்றை எடுத்தவர் ஆசியத் தங்கம் வென்ற கால்பந்துத் தலைவர் என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவற்றின் எடை தெரிகிறது.

சென்னையிலும் இரட்டை ஆட்டக்காரர்கள் உண்டு. ஆனால் கிரிக்கெட்டோடு அவர்கள் இணைத்த ஆட்டம் கால்பந்து அல்ல. சென்னைக் கிரிக்கெட்டின் முன்னோடி புச்சிபாபு நாயுடுவின் மகனான கோட்டா ராமஸ்வாமி 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்கு ஆடி, 1936-இல் நாற்பது வயதில் இங்கிலாந்தில் டெஸ்ட் கிரிக்கெட்டும் ஆடினார். செங்கல்பட்டுப் பகுதியின் மொறப்பாக்கத்தில் 1909-இல் பிறந்து திருவல்லிக்கேணியில் வளர்ந்த எம்.ஜே. கோபாலன் கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் நாட்டுக்கு ஆடியவர். சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர் அவருடைய திறமையைக் கண்டு பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை வாங்கிக் கொடுத்தார். வேலை கொடுப்பவரே ஆட்டத்தின் புரவலர் என்ற இந்திய முறையின் தொடக்ககால எடுத்துக்காட்டு இது. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் தம் ஒரே டெஸ்டை ஆடிய கோபாலன், அதே ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசினார், ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. 1935-இல் தயான்சந்த் தலைமையிலான ஹாக்கி அணியோடு நியூசிலாந்து சென்றுவந்த கோபாலனுக்கு, 1936 கோடையில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தது: பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா. கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட அவருக்கு இடம் தரப்படவில்லை. பெர்லினில் ஹாக்கி அணி தங்கம் வென்றது. இரு ஆட்டங்களின் நாட்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் ஒரு மனிதர் எதை இழக்க நேரும் என்பதற்கு இதைவிட வேதனையான உதாரணம் சென்னை வரலாற்றில் இல்லை.

வடசென்னையின் கதை இதிலிருந்து வேறு. 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்துதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. ரயிலும் துறைமுகமும் கூலிக்காரர்களையும் எழுத்தர்களையும் ஆங்கிலோ இந்தியரையும் மீனவர் குப்பங்களுக்குப் பக்கத்திலேயே குடியமர்த்தின. வடக்கே போகப்போகத் திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை, என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை, எண்ணூரில் அசோக் லேலண்ட் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. ஷிப்டு முறையில் உழைக்கும் இத்தகைய பகுதிக்குக் கால்பந்து பொருந்தியதற்குக் காரணம் எளிது. வேலை விட்டு வெளியே வந்தவருக்குப் பொழுது சாய்வதற்குள் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். கால்பந்து அதற்குள் முடிந்துவிடும், கிரிக்கெட்டோ முழுப் பகலைக் கேட்கும். இருபத்திரண்டு பேருக்கு ஒரு பந்து போதும், பூட்ஸ்கூட வேண்டியதில்லை; கிரிக்கெட்டுக்கு மட்டை, கால்காப்பு, கையுறை, வெள்ளுடை, அன்றைய வழக்கப்படி தரையில் விரிக்கும் கயிற்றுப்பாய் இவ்வளவும் வேண்டும். குப்பத்துப் பையன் கால்பந்தைத் தேர்ந்தெடுத்தான் என்பதைவிட, அவன் கைக்கு எட்டியது அதுதான் என்பதே சரி.

பருவமும் உதவவில்லை. சென்னைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. அந்த மாதங்களில் எல்லா ஆட்டமும் நிற்கும். மழைக்கு முந்தைய அதே மாதங்களைத்தான் கிரிக்கெட் லீக்கும் கால்பந்து லீக்கும் நாடும். கல்கத்தாவில் மழை இரு ஆட்டங்களையும் பிரித்து வைத்ததைப்போல் இங்கே பிரித்து வைக்க ஒன்றுமில்லை. கிரிக்கெட்டின் பெருநாளும் தெற்கே நடந்தது: பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் ஐரோப்பியரும் இந்தியரும் மோதிய பிரசிடென்சி ஆட்டம் அது. சேப்பாக்கத்தில் இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் உணவருந்த வேண்டியிருந்த அவமதிப்பைப் பொறுக்காமல் 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை எஸ்பிளனேடில், ராயபுரத்திலிருந்து நடக்கும் தொலைவில், புச்சிபாபு உருவாக்கியது மதிக்கத்தக்க செயல். ஆனால் அந்தக் கதவும் படித்த, வசதியுள்ள இந்தியருக்குத் திறந்த அளவுக்குத் துறைமுகத் தொழிலாளியின் மகனுக்குத் திறக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் துறைமுகமும் ரயில்வேயும் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்தன. ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’ என்று வடசென்னை மக்கள் இன்றும் சொல்லும் விளையாட்டு ஒதுக்கீடு, பல தலைமுறைக் குடும்பங்களைக் கூலியிலிருந்து மாதச் சம்பளத்துக்கு ஏற்றிய பெரிய ஏணி. அதன் நன்மையைக் குறைத்துச் சொல்வது அநியாயம். ஆனால் அந்த ஏணியில் ஒருவர் ஏறுவது ஒரே ஆட்டத்தின் பெயரில்தான். கால்பந்துக்காகச் சேர்க்கப்பட்டவர் கால்பந்துக்காகவே விடுப்புப் பெற்றார். ஸ்டேட் வங்கி கோஸ்வாமிக்கு அனுமதித்த இரு பருவ வாழ்க்கையை ஒரு துறைமுக ஊழியர் கேட்டுப் பெறும் நிலை உருவாகவில்லை.

இரு ஆட்டங்களும் ஒரே மண்ணில் நடந்த பத்தாண்டும் சென்னைக்கு உண்டு. சென்ட்ரல் நிலையத்தின் அருகே, மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் எழுந்த மாநகராட்சி அரங்கத்தில், 1956 ஜனவரி முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது. அங்கே நடந்த முதல் டெஸ்டிலேயே, நியூசிலாந்துக்கு எதிராக, வினு மன்கட் 231, பங்கஜ் ராய் 173 என்று முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்து நிறுவிய உலகச் சாதனை 2008 வரை நின்றது. கால்பந்தும் ஆடப்பட்ட திடல் அது. ராயபுரத்தார் நடந்தே வந்து டெஸ்ட் பார்க்க முடிந்த காலம் அது ஒன்றுதான். 1967 ஜனவரியில், இந்தூரில் கோஸ்வாமியிடம் தோற்றுச் சில வாரங்களே ஆன அதே சோபர்ஸ் அணியோடு, டெஸ்ட் சேப்பாக்கத்துக்குத் திரும்பிப் போனது. அதன்பின் வடக்கே வரவேயில்லை. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கி டயர் நிறுவனமாக வளர்ந்த எம்.ஆர்.எஃப்., 1987-இல் வேகப்பந்துப் பயிற்சிக் கூடம் அமைத்தபோது, அதுவும் சேத்துப்பட்டில்தான் அமைந்தது.

சுனி கோஸ்வாமி 2020 ஏப்ரல் 30 அன்று மறைந்தார். அதே ஆண்டு ஜனவரியில், அவருடைய பிறந்தநாளில், இந்திய அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டிருந்தது. அவர் போன்ற ஒருவர் இனி வரக் காலண்டரில் இடமில்லை. 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து அக்டோபர் வாக்கில் ஆரம்பித்துப் பனிக்காலத்தை எடுத்துக்கொண்டது. ரஞ்சிக் கோப்பையும் அதே மாதங்களில் நடக்கிறது. வியாசர்பாடியில் வளர்ந்து இந்திய அணிவரை சென்ற தனபால் கணேஷின் தலைமுறைக்குக் கால்பந்து முழுநேரத் தொழிலாகியிருக்கிறது. அது வடசென்னை நெடுநாள் காத்திருந்து பெற்ற பேறு.

கல்கத்தா தன் இரட்டை ஆட்டக்காரரைத் தபால்தலையிலும் புத்தகத்திலும் காப்பாற்றிக்கொண்டது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் துறைமுக அணியாகவோ ரயில்வே அணியாகவோ ஆலை அணியாகவோ நின்று எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் யார் வீட்டுச் சுவரிலாவது தொங்கினால், அதைக் கீழே இறக்கி, படத்தில் உள்ள பெரியவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே, ஒவ்வொருவர் பெயரையும் ஆண்டையும் மைதானத்தையும் அதன் பின்புறம் எழுதி வைக்க வேண்டும்.